அமாலியா டீட்ஸ் பேசிய ஒரே வசனம்

அமாலியா டீட்ஸை வட ஜெர்மனியில் இருக்கும் எங்கள் செல்லே நகரத்தில் பாதிப் பேர் ‘அந்த ருஷ்யாக்காரி’ என்றுதான் சொன்னார்கள். அவள் பிறந்தது ஜெர்மன் பேசும் வீட்டில். வோல்கா ஆற்றங்கரையில் இருந்த அவள் ஊரில் தேவாலயப் பாட்டிலிருந்து கோழியை விரட்டுவது வரைக்கும் எல்லாம் ஜெர்மனில்தான் நடந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து நிலம் தேடிப் போன விவசாயிகளின் வம்சம் அவர்கள். அவள் பேச ஆரம்பித்தால் பழைய பைபிள் ஒன்று வாயைத் திறந்தது போல இருக்கும். இருந்தும் என்ன, ‘ர’ வரும் இடத்தில் நாக்கை உருட்டுவாள். எங்கள் ஊருக்கு அது போதும்.

நானும் அவளும் ஒரே சலவை நிலையத்தில் வேலை பார்த்தோம். ஓட்டல்களிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி உருளையில் விட்டு மடிக்கிற இடம். உருளைக்கு முன்னால் இரண்டு பேர் நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆவியும் இரைச்சலுமாக இருக்கும். அங்கே ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து வருஷக்கணக்கில் நின்றால், அவள் கதை முழுக்க உனக்குத் தெரிந்துவிடும். எல்லாம் துண்டு துண்டாக, இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் வரும்.

அவள் கதை இது. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஜெர்மன் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தது. அந்தக் கோடை முடிவதற்குள் வோல்காக் கரையில் இருந்த ஜெர்மன்காரர்கள் எல்லோரையும் சரக்கு ரயிலில் ஏற்றி கஜகஸ்தான் புல்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரியின் மொழியைப் பேசுகிறவர்கள் எதிரிகள் என்று கணக்கு. அப்பாவை மரம் வெட்டும் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அம்மாவையும் கொண்டு போனார்கள். சிறுமியைச் சித்தியோடு விட்டுப் போனாள் அம்மா, அந்தச் சித்தியும் டைபஸ் காய்ச்சலில் போய்விட்டாள்.

குளிர்காலத்தின் நடுவில் அந்தச் சிறுமி அங்கே இருந்த ருஷ்யக் குடிகளின் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சில கதவுகள் திறக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து “பாசிஸ்ட்டுக் குட்டி” என்று கத்தினார்கள். கடைசியாக ஒரு கதவைத் திறந்தவள் கன்றுக்குட்டிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட யெவ்தோகியா. அவளுடைய ஒரே மகன் மீத்யா போர்முனையில் ஜெர்மன் குண்டுக்குப் பலியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிறுமி வாயைத் திறந்ததுமே எந்த ஊர் நாக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“என்னால உங்களை மன்னிக்க முடியாது. உள்ள வா. கதவைச் சாத்து, சூடு போகுது.”

அமாலியா அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். அம்மா முகாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்த பிறகும், இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டுக்குத் தினமும் போய் வந்தாள். யெவ்தோகியா என்ற பெயரைச் சுருக்கி, தூஸ்யா அத்தை என்று கூப்பிடுவாள். தூஸ்யா அத்தை அவளைக் கட்டிப்பிடித்ததே இல்லையாம். மீத்யாவின் படத்துக்கு முன்னால் ஜெர்மனில் ஒரு வார்த்தை பேச விடமாட்டாளாம். ஆனால் அமாலியாவுக்கு மகள் பிறந்தபோது, பிள்ளையைச் சுற்ற மீத்யாவின் பழைய சட்டைகளைக் கிழித்துத் துணி தைத்துக் கொடுத்தாள்.

“அதுக்கு என்ன பேரு ரெனாட்டே?” என்று ஒரு தடவை என்னைக் கேட்டாள். “மன்னிப்பா?”

“எனக்கென்ன தெரியும். முனையைப் பிடி, கோணிக்கிட்டுப் போகுது” என்றேன்.

சோவியத் கதவுகள் திறந்ததும் மகளோடும் மருமகனோடும் அவள் செல்லேவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஜெர்மன்காரி, இங்கே ருஷ்யாக்காரி. இதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

சினிமாக்காரர்கள் எங்கள் பக்கம் வந்தது தொண்ணூற்று மூன்று ஜனவரியில். படத்தின் பெயர் ‘வெள்ளைக் கிழக்கு’. படை பின்வாங்கும்போது வழி தவறிவிட்ட ஐந்து ஜெர்மன் சிப்பாய்களின் கதை. நகரத்துக்கு வடக்கே ஹைட் புல்வெளியில் ராணுவப் பயிற்சித் திடல் இருக்கிறது. அதில் ஒரு ருஷ்யக் கிராமத்தைப் பலகையால் கட்டினார்கள். அந்த வருஷம் எங்களுக்குப் பனியே விழவில்லை. லாரியில் காகிதத்தூள் கொண்டுவந்து கொட்டினார்கள்.

ருஷ்ய மொழி பேசும் வயதான பெண்கள் வேண்டும் என்று தேவாலயக் கூடத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் குட்ரூன்தான் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். குட்ரூனுக்குக் குரலும் பெரியது, வாயும் பெரியது.

“ஃப்ராவ் டீட்ஸ், உங்களைத்தான் தேடறாங்க. போஸ்டரைப் பாத்தீங்களா? நீங்க நடிகையாயிட்டா எங்களை மறந்துடாதீங்க.”

“எனக்கு நடிக்கத் தெரியாதும்மா.”

“காலையில வந்ததும் ‘இன்னைக்கு நல்லா இருக்கேன்’னு தினமும் சொல்றீங்களே. அது நடிப்பு இல்லாம வேற என்ன?”

போனாள். நூறு பேரைப் பார்த்த இயக்குநர் ஃபென்ஸ்கே இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாராம். குடிசைக் காட்சி ஒன்றில் அவளுக்கு வேலை. இளம் சிப்பாய் ஒருவன் கதவை உதைத்துத் திறந்து உள்ளே வருவான். அடுப்புத் திண்டில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் காலிலிருந்து கம்பளி பூட்ஸைக் கழற்றிக்கொண்டு ஓடுவான். அவ்வளவுதான்.

“வசனம் என்ன?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“ருஷ்ய மொழியில வாய்க்கு வந்தபடி திட்டுங்க ஃப்ராவ் டீட்ஸ்” என்றாராம் ஃபென்ஸ்கே. “யாருக்கும் புரியப்போறதில்ல. குரல் மட்டும் நல்லா இருந்தா போதும்.”

முதல் இரண்டு தடவை சொன்னபடியே திட்டினாள். கன்றுக்குட்டிக் கொட்டகையில் கற்றுக்கொண்ட வசவுகள், நிறையவே இருந்தன. ஒரு தடவை விளக்கு அணைந்துவிட்டது. இன்னொரு தடவை கதவு கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை எடுப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. சிப்பாயாக நடித்த பையன் காலை முதல் ஈரக் காலுறையோடு வெளியே நின்றிருந்தான். காகிதப் பனிதான், ஆனால் காற்று நிஜம். அவன் உள்ளே வந்து மண்டியிட்டு பூட்ஸை இழுக்கையில் விரல்கள் கேட்க மாட்டேன் என்று நடுங்கின. பூட்ஸ் வரவில்லை. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கதவு பின்னால் விரியத் திறந்து கிடந்தது.

அப்போது அவள் வாயில் வசவு வரவில்லை. தூஸ்யா அத்தை சொன்னதுதான் வந்தது. அதே சொற்கள், அதே கடுகடுப்பு.

“கட்!” என்று கத்திய ஃபென்ஸ்கே ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம். “எப்பேர்ப்பட்ட சாபம் ஃப்ராவ் டீட்ஸ்! எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப் போச்சு!”

இவள் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த காட்சிக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் உருளைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “தப்பு பண்ணிட்டேன் ரெனாட்டே. திட்டத்தானே சொன்னாரு. நான் அத்தை பேச்சைக் கொண்டுபோய் அந்தப் பையன் கிட்ட குடுத்துட்டேன்.”

“யாருக்குப் புரியப்போகுது” என்றேன் நானும்.

படம் அக்டோபரில் வெளிவந்தது. போர்ப் படம் என்றாலே எங்கள் நாட்டில் பத்திரிகைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதுவும் ஜெர்மன் சிப்பாயின் கண் வழியாகச் சொன்ன படம். குட்ரூன் ஸ்டேஷன் கடையிலிருந்து கிடைத்த பத்திரிகைகளை எல்லாம் வாங்கிவந்து இடைவேளையில் காபி மேஜையில் பரப்பினாள். “நம்ம வீட்டுப் பொண்ணு நடிச்ச படம். ஒருத்தனையும் விடக்கூடாது” என்று சொல்லி, ரொட்டியைக் கடித்துக்கொண்டே உரக்கப் படித்தாள்.

தெற்குப் பக்கத்துப் பத்திரிகை ஒன்று, கடைசியில் நம் தகப்பன்மாருக்கும் ஒரு முகம் கிடைத்தது என்று கொண்டாடியிருந்தது. பெர்லின் பத்திரிகை ஒன்று, நடிகர்களைவிடப் பனி நன்றாக நடித்திருக்கிறது என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காகிதத்தூள் என்று எங்களுக்குத் தெரியுமே. இன்னொருவர், பசியும் குளிரும் எல்லாக் கட்சிக்கும் பொது, இதில் அரசியல் தேடாதீர்கள் என்றார். அவருக்குப் பதிலடியாக வேறொருவர், அந்த ஐந்து பேரும் அங்கே மலர் பறிக்கப் போகவில்லை என்று எழுதினார்.

“இதைக் கேளுங்க” என்றாள் குட்ரூன். “‘குடிசைக் கிழவியின் புராதனமான சாபத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அந்த வெறுப்பு நேராக எலும்பில் இறங்குகிறது.’ ஃப்ராவ் டீட்ஸ், நீங்க எலும்புல இறங்கிட்டீங்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். அமாலியா தட்டவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஹாம்பர்க் பத்திரிகையில் எல்கே மார்ட்டன்ஸ் என்ற விமர்சகர் எழுதியதுதான் எல்லாவற்றிலும் காரம். இரண்டு மணி நேரம் ஐந்து ஆண்களுக்காக நம்மை அழவைக்கிறார்கள். யாருடைய மண்ணில் அவர்கள் நுழைந்தார்களோ அந்த மக்கள் சுவரில் ஒட்டிய படம் போல நிற்கிறார்கள். ஒரு கிழவி வாயைத் திறக்கிறாள், படம் காதைப் பொத்திக்கொள்கிறது, ஒரு வரி சப்டைட்டில்கூட அவளுக்கு இல்லை என்று முடித்திருந்தார்.

“இவங்க சொல்றது சரிதான்” என்றேன்.

“பாதி சரி” என்றாள் அமாலியா. பிறகு மெதுவாக, “தூஸ்யா அத்தை சாபம் போட்டான்னு நாடு முழுக்கப் படிக்குதே ரெனாட்டே. அவ யாரையும் சபிச்சதில்ல. மாட்டைத் திட்டுவா, அவ்வளவுதான்” என்றாள்.

எங்கள் ஊரில் ருஷ்ய மொழி தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. இவளைப் போல வந்தவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் அந்த வசனம் புரிந்தது. கடைத்தெருவில் இவளைப் பார்த்தால், “என்ன அமாலியா, சிப்பாயை வீட்டுக்குள்ள கூப்பிட்டுட்டியாமே” என்று சீண்டினார்கள். ஆனால் அவர்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இல்லை. எழுதுகிறவர்களுக்கு அவர்களைத் தெரியாது.

நவம்பரில் எங்கள் ஊர் சினிமா மன்றம் ஞாயிறு முற்பகல் ஒரு காட்சி வைத்தது. படம் முடிந்ததும் கலந்துரையாடல். எல்கே மார்ட்டன்ஸே வருகிறார் என்று அறிவிப்பு. உள்ளூர்ப் பத்திரிகையில் ஏற்கெனவே வாசகர் கடிதங்களில் அனல் பறந்துகொண்டிருந்தது. கொட்டகை நிரம்பிவிட்டது. நானும் குட்ரூனும் அமாலியாவை நடுவில் உட்காரவைத்தோம். அவள் கோட்டைக் கழற்றவே இல்லை.

குடிசைக் காட்சி வந்தது. திரையில் அவள் முகம் அவ்வளவு பெரிதாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவள் பேசியபோது பின்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. மற்றவர்கள் சும்மா இருந்தார்கள்.

விளக்கு போட்டதும் எல்கே மார்ட்டன்ஸ் மேடையேறினார். ஒடிசலான பெண், நாற்பது வயதிருக்கும். தான் எழுதியதையே திரும்பச் சொன்னார், குரலை உயர்த்தாமல். முடிப்பதற்குள் மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். ஹெர் கோர்ஸ். ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர், இப்போது ஓய்வு. இருபது வயதில் கிழக்கு முனைக்குப் போய், ஒரு காதில் கேட்கும் சக்தி இல்லாமல் திரும்பி வந்தவர்.

“நீங்க அங்க இருந்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை. நான் அப்போ பிறக்கவே இல்லை.”

“அப்ப வாயை மூடுங்க. நாங்க இருந்தோம். எங்க காலுல தோல் உரிஞ்சுது. இந்தப் படத்துல காட்டுறது அத்தனையும் நிஜம்.”

கொட்டகையில் கைதட்டலும் கூச்சலும் கலந்து எழுந்தன. எல்கே மார்ட்டன்ஸ் காத்திருந்தார்.

“உங்க கால் தோல் உரிஞ்சது நிஜம் ஹெர்... மன்னிக்கணும், உங்க பேரு தெரியல. நான் அதை மறுக்கல. நான் கேக்கறது அந்தக் கிழவியைப் பத்தி. அவளும் அங்க இருந்தா. அவ என்ன சொன்னான்னு இந்த அரங்கத்துல யாருக்காவது தெரியுமா? டைரக்டருக்காவது தெரியுமா?”

குட்ரூன் என்னைப் பார்த்தாள். நான் அமாலியாவைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் அவளை இடிக்கவோ தூண்டவோ வேண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அது நான்தான்.”

திரும்பிப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரையில் முக்காடும் கந்தலுமாக இருந்தவள், இங்கே நீலக் கோட்டில் நின்றாள். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மெழுகுவர்த்தியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் ருஷ்ய மொழியில் சொன்னாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள். பிறகு அது யார் யாரிடம் சொன்னது என்று சொன்னாள். சரக்கு ரயில், சித்தி, திறக்காத கதவுகள், மீத்யா எல்லாம் வந்தன. உருளைக்கு முன்னால் துண்டு துண்டாக நான் கேட்டது முதல் தடவையாக ஒரே துணியாக விரிந்தது.

அவள் நிறுத்தியதும் இடதுபக்கம் ஒருவர், தடித்த மனிதர், உற்சாகமாகக் கத்தினார்: “பாத்தீங்களா! அவங்களே நம்மள உள்ள கூப்பிட்டிருக்காங்க! மன்னிச்சுட்டாங்க! இந்தப் பத்திரிகைக்காரங்கதான் இன்னும் புண்ணைக் கிளறிக்கிட்டு இருக்காங்க!”

அமாலியா அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க முதல் வார்த்தையை விட்டுட்டீங்க ஐயா. மன்னிக்க முடியாதுன்னுதான் அவ ஆரம்பிச்சா. அப்புறம் இன்னொண்ணு. அன்னைக்கு வாசல்ல நின்னது நான். எனக்குப் பத்து வயசு. என் கையில துப்பாக்கி இல்ல. துப்பாக்கியோட ஒருத்தன் வந்திருந்தா தூஸ்யா அத்தை அப்படிச் சொல்லியிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டான்னுதான் நினைக்கிறேன். நான்தான் சொன்னேன். அந்தப் பையன் கை நடுங்குச்சு, வாயில வந்துடுச்சு. அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.”

தடித்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். ஹெர் கோர்ஸ் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கேட்கும் காதை இவள் பக்கம் சாய்த்திருந்தார்.

“நாங்களும் பூட்ஸ் எடுத்தோம்” என்றார். முன்பு இருந்த குரல் இல்லை. “ஒரு வீட்டுல, ரெண்டு ஜோடி. அந்த வீட்டுக்காரியும் ஏதோ சொன்னா. சொல்லிக்கிட்டே இருந்தா. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. எங்க யாருக்கும் தெரியாது. திட்டறான்னு நினைச்சுக்கிட்டோம்.”

“திட்டியிருப்பா” என்றாள் அமாலியா. “திட்டத்தானே வேணும்.”

“ஆமா” என்றார் கோர்ஸ். “திட்டியிருப்பா.”

அவர் உட்காரும்போது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்கே மார்ட்டன்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து நடைபாதையில் நின்று பேசினார். “படத்தைப் பத்தி என் கருத்து மாறல. அந்தப் படம் உங்களைக் கேக்கவே இல்ல ஃப்ராவ் டீட்ஸ். ஆனா உங்களைச் சுவர்ல ஒட்டின படம்னு நான் எழுதினது தப்பு. நானும்தான் கேக்கல. ஒரு போன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“என் வீட்டுல போன் இல்ல” என்றாள் அமாலியா. கொட்டகை சிரித்தது. அன்று முதல் தடவையாக எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் எல்கே மார்ட்டன்ஸ் அதே படத்தைப் பற்றி மறுபடி எழுதினார். ஒரு விமர்சகர் ஒரே படத்துக்கு இரண்டு தடவை எழுதி நான் பார்த்ததில்லை. படத்தில் இருக்கிற மிக நல்ல விஷயம் அதை எடுத்தவருக்கே தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினார். தூஸ்யா அத்தையின் பெயரை முழுசாகப் போட்டிருந்தார்: யெவ்தோகியா செம்யோனவ்னா. அமாலியா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று அவளோடு உருளையில் நின்றபோது எனக்குத் தெரியாத ருஷ்யப் பாட்டொன்றை அவள் முணுமுணுத்தாள்.

அதோடு நிற்கவில்லை. மற்றப் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. ஃபென்ஸ்கே எங்கள் சலவை நிலையத்துக்கே தொலைபேசியில் வந்தார். குட்ரூன் ரிசீவரை எடுத்து, “நடிகை ஈரத்துணியோட இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு அமாலியாவைக் கூப்பிட்டாள். நாங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். ஃபென்ஸ்கே போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது.

“ஏன் எங்கிட்ட சொல்லல? நாடே என்னைப் பாத்துச் சிரிக்குது!”

“சொல்ல வந்தேன். நீங்க ஓடிட்டீங்க.”

 பிறகு தணிந்த குரலில் ஏதோ பேசினார். அடுத்த வருஷம் தொலைக்காட்சியில் படம் வரும்போது சப்டைட்டில் போடப்போகிறாராம். இடம் குறைச்சல், அதனால் ‘உள்ளே வா, கதவைச் சாத்து’ என்று மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டார்.

“போதாது” என்றாள் அமாலியா. “முழுசா போடுங்க. இல்லேன்னா ஒண்ணும் போடாதீங்க. பாதியைப் போட்டா அவளைப் பொய் பேச வச்ச மாதிரி ஆயிடும்.”

முழுசாகவே போட்டார். அது ஒளிபரப்பான மறுநாள் ஒரு பத்திரிகை, இந்த வரி படத்தையே மாற்றிவிட்டது என்றது. இன்னொன்று, இந்த வரியால் படம் இனிப்பாகிவிட்டது, ஜெர்மன்காரனுக்குத் தூக்க மாத்திரை என்றது. எல்கே மார்ட்டன்ஸுக்கும் அந்த இரண்டாவது பத்திரிகைக்காரருக்கும் ஒரு மாதம் எழுத்திலேயே சண்டை நடந்தது. குட்ரூன் இரண்டு பக்கத்தையும் வாங்கிவந்து படித்தாள். “இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?” என்பாள், அடுத்த நாளும் வாங்கிவருவாள். இதற்கிடையில் அவள் அமாலியாவை ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. ருஷ்யாக்காரி என்ற சொல் எங்கள் சலவை நிலையத்தில் எப்போது நின்றுபோனது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இன்னொரு சினிமா வாய்ப்பும் வந்தது. இந்த முறை ஜெர்மன் பண்ணை வீட்டுக் கிழவி வேஷம். போய்ப் பேசிக் காட்டினாள். உச்சரிப்பு ருஷ்யத்தனமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “பிறந்ததுலேருந்து ஜெர்மன்காரியா இருக்கேன், நடிக்கத்தான் வரல” என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஹெர் கோர்ஸ் அந்தக் காட்சிக்குப் பிறகு பல மாதம் கண்ணிலேயே படவில்லை. வசந்தத்தில் ஒருநாள் சலவை நிலைய வாசலில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் தேவாலயத்தில் கோடைதோறும் பெலாருஸ் நாட்டிலிருந்து பிள்ளைகளை ஒரு மாதம் வரவழைத்துத் தங்கவைப்பார்கள். அணு உலை வெடித்த பக்கத்துப் பிள்ளைகள், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கிடைக்கட்டும் என்று. அந்த வருஷம் வேன் ஓட்ட அவர் பெயர் கொடுத்திருந்தாராம்.

“நான் ஓட்டிடுவேன்” என்றார். “ஆனா அதுங்க பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது. பின்னாடி உக்காந்துக்கிட்டு பசிக்குதுன்னு சொல்லுதா, வாந்தி வருதுன்னு சொல்லுதான்னு தெரியாம ஓட்ட முடியாது. நீங்க வரணும் ஃப்ராவ் டீட்ஸ்.”

“உங்க பக்கத்துல உக்காந்து நான் சொன்னா மட்டும் கேக்குமா? உங்களுக்கு ஒரு காதுதானே?”

“நல்ல காது உங்க பக்கம் இருக்கு” என்றார் கோர்ஸ் தீவிரமாக. “ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுறவனுக்கு வலப்பக்கம்தானே நீங்க உக்காருவீங்க.”

அந்தக் கோடையில் அவள் ஓய்வு பெற்றாள். ஜூலை முழுக்க வேன் ஓடியது. புல்வெளியில் செம்மறி ஆடு பார்க்க, நீச்சல் குளத்துக்கு, பல் மருத்துவரிடம் என்று. கோர்ஸ் ருஷ்ய மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டார். ஐந்துக்குப் பிறகு ஏழு சொல்வார். பின்சீட்டுப் பிள்ளைகள் “ஆறு! ஆறு!” என்று வேன் அதிரக் கத்துவார்கள். அவர் வேண்டுமென்றே செய்கிறாரா, உண்மையிலேயே வரவில்லையா என்று அமாலியாவுக்கே தெரியவில்லை. ஒரு சிறுமி அவரைப் பார்த்து ஏதோ சொல்லிக் கைதட்டிச் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார்.

“அவங்க தாத்தா உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரணும்கறா” என்றாள் அமாலியா.

“அவங்க தாத்தாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார் கோர்ஸ். “அடுத்த வருஷம். நான் படிச்சுக்கறேன்.”

அமாலியா அதைப் பின்பக்கம் திரும்பிச் சொன்னாள். சிறுமி யோசித்துவிட்டு, தாத்தாவுக்கு மூட்டுவலி, ரயிலில் வரமாட்டார், நீங்கள்தான் வரவேண்டும் என்றாள்.  அன்று மாலை பிள்ளைகளைக் கூடத்தில் இறக்கிவிட்ட பிறகு, கோர்ஸ் அவர்களுடைய ஊருக்கு எங்கே ரயில் மாற வேண்டும் என்று அமாலியாவிடம் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை அமாலியா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மகள் வீட்டில் போன் வந்துவிட்டது, இருந்தும் நேரில்தான் வருவாள்.

“ரெனாட்டே, உங்கிட்ட பெரிய பாத்திரம் இருக்கா? பிள்ளைங்களுக்கு இங்கத்துச் சாப்பாடு போரடிச்சுப் போச்சு. தூஸ்யா அத்தை பண்ற கோதுமைக் கஞ்சி பண்ணப்போறேன், வெண்ணெய் போட்டு. பத்து லிட்டர் வேணும். சும்மா நிக்காதே, நீயும் வா, கிளற ஆள் வேணும்.”

பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். வாசலில் கோர்ஸின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.